ஓய்வூதியத்துடன் ஊர் திரும்புதல்

கொழும்பில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு ஓய்வு வயதை எட்டும் எங்கள் பெண்கள் பலருக்கு ஒரு கேள்வி வருகிறது. "சம்பளம் நின்ற பிறகு இந்த வாடகையை எப்படிக் கட்டுவது? பேசாமல் ஊருக்கே போய்விட்டால் என்ன?" என்பதே அது. போரினால் வீடு வளவை விட்டு வந்து, பாதுகாப்புக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் தலைநகரில் தங்கிவிட்டவர்கள் நாங்கள். இன்று பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள், அல்லது தங்கள் குடும்பத்துடன் வேறாக வாழ்கிறார்கள். வாடகை வீட்டில் மிஞ்சியிருப்பது ஒரு பெண்ணும் அவளுடைய ஓய்வூதியமும்தான்.

நான் ஓர் ஆசிரியை. 2018 இல், 60 வயதில் ஓய்வு பெற்றேன். அடுத்த ஆண்டே வெள்ளவத்தையை விட்டு, நான் பிறந்த மீசாலைக்கு வந்து சேர்ந்தேன். "ஊரில் எல்லாம் மலிவு" என்று சிலர் சொன்னார்கள். "தனிய அங்கே போய் என்ன செய்யப் போறியள்?" என்று வேறு சிலர் கேட்டார்கள். இரண்டு பேச்சுமே முழு உண்மை அல்ல. என்னைப்போல யோசிக்கும் சகோதரிகளுக்குப் பயன்படட்டும் என்று, இந்த முடிவை எடுக்குமுன் பார்க்க வேண்டியவற்றை இங்கே எழுதுகிறேன்.

வரவும் செலவும்

எனக்குக் கிடைத்த ஓய்வூதியம் மாதம் 38,000 ரூபா. இரண்டு அறை வீட்டுக்கு வாடகை 27,000. மின்சாரமும் தண்ணீரும் சேர்ந்து 4,000. மிஞ்சிய 7,000 ரூபாவில் சாப்பாடும் மருந்தும் பஸ் செலவும் நடக்க வேண்டும். நடக்கவில்லை. மகள் அனுப்பிய காசில்தான் அடுப்பு எரிந்தது. அவள் முகம் சுளித்ததே இல்லை. ஆனாலும் முப்பது வருடத்துக்கு மேல் உழைத்த ஒருத்தி மாதக் கடைசியில் பிள்ளையின் தொலைபேசி அழைப்பைப் பார்த்துக்கொண்டிருப்பது மனதுக்கு இதமான காரியம் அல்ல.

ஊருக்கு வந்ததும் வாடகை இல்லாமற் போயிற்று. உண்மையான மலிவு அது ஒன்றுதான். மற்றவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வளவில் நாலு தென்னை நிற்கிறது, தேங்காய் வாங்குவதில்லை. முருங்கை வேலியில் நிற்கிறது. கீரையும் கத்தரியும் கிணற்றடியில் வளர்கின்றன. பலாப்பழமும் மாம்பழமும் காலத்துக்குக் காலம் கொடிகாமம் சந்தையில் மலிவு. ஆனால் சீனி, பருப்பு, பால்மா, சவர்க்காரம், பாமஸி மருந்து ஆகியவை இங்கும் கொழும்பு விலைதான். மேசன், தச்சு வேலைக்காரரின் நாட்கூலியும் குறைவில்லை. சீமெந்தும் மணலும் வாங்கும்போது ஊர் மலிவு என்ற நினைப்பே போய்விடும்.

2022 இல் பொருளாதார நெருக்கடி வந்தபோது இந்த வித்தியாசம் நன்றாக விளங்கியது. கொழும்பில் இருந்த என் சிநேகிதி காஸ் சிலிண்டருக்காக நாள் முழுவதும் வரிசையில் நின்றாள். எனக்குத் தென்னம் பாளையும் பொச்சும் மட்டையும் போதுமாக இருந்தன. ஆனால் மருந்துத் தட்டுப்பாடு அவளுக்கும் எனக்கும் ஒன்றாகவே இருந்தது. ஊர் சாப்பாட்டுக்குக் கைகொடுக்கும், மருந்துக்குக் கைகொடுக்காது. ஆகவே மருந்துச் செலவைத் தனியாக எழுதி வைத்துக்கொண்டே கணக்குப் பாருங்கள்.

வீட்டுக்கு எவ்வளவு போடலாம்?

2000 ஆம் ஆண்டில் தென்மராட்சியில் நடந்த சண்டையில் எங்கள் வீடு கூரையை இழந்தது. பிறகு கதவும் நிலையும் போயின. நான் வந்தபோது நின்றவை சுவர்கள் மட்டுமே. பணிக்கொடைப் பணத்தில் பாதிக்கு மேல் கூரைக்கும் மலசலகூடத்துக்கும் கிணறு இறைத்துத் துப்புரவாக்கவும் மின் இணைப்புக்கும் முடிந்தது. ஓர் அறையும் குசினியும் ஒரு சிறிய விறாந்தையும் திருத்தினேன். மற்ற இரண்டு அறைகளும் இன்றைக்கும் கூரையில்லாமலே நிற்கின்றன. பார்ப்பவர்களுக்கு அது குறையாகத் தெரியலாம். மிஞ்சிய பணம் வங்கியில் என் பெயரில் நிலையான வைப்பாக இருக்கிறது. திடீரென்று ஆசுபத்திரிக்குப் போக வேண்டி வந்தால் எனக்கு உதவப்போவது அந்தப் பணம்தான், மூன்றாவது அறை அல்ல.

இந்திய வீட்டுத் திட்டம் 2012 முதல் வடக்கில் ஒரு வீட்டுக்கு 550,000 ரூபா வீதம் கொடுத்தது. வீட்டைக் கொஞ்சம் பெரிதாக்க ஆசைப்பட்டு, மேலதிகச் செலவுக்குக் கடன்பட்டவர்கள் பலர். அவர்களிற் பெண்களைத் தலைவியராகக் கொண்ட குடும்பங்களும் இருந்தன. இளையவர்கள் உழைத்துக் கடனை அடைக்கலாம். ஓய்வூதியக்காரிக்கு அந்த வழி இல்லை.

காணி யாருடைய பெயரில்?

ஊரில் காணி உண்டு என்று சொல்வது சுலபம். உறுதி எங்கே, அதில் யார் பெயர் இருக்கிறது, இன்று அங்கே குடியிருப்பது யார் என்பவைதான் கேள்விகள். இடம்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தால், காணிப் பதிவகத்தில் தேடிப் பிரதி எடுக்கலாம். காணியின் பெயர், பரப்பு, நொத்தாரிசின் பெயர், உறுதி எழுதிய ஆண்டு ஆகியவற்றில் எது நினைவில் இருந்தாலும் எழுதிக்கொண்டு போங்கள்.

பாதை திறந்திருந்த 2003 இல் நான் வந்து பார்த்தபோது, இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் என் சீதன வளவில் கொட்டில் போட்டு இருந்தது. அவர்களும் எங்களைப்போல ஓடி வந்தவர்கள்தான். எழுப்ப மனம் வரவில்லை. ஆனால் "உரிமையாளரின் அனுமதியுடன் தற்காலிகமாக இருக்கிறோம்" என்று எழுதி, இரண்டு பகுதியும் கையெழுத்து வைத்து, கிராம அலுவலருக்கும் ஒரு பிரதி கொடுத்தோம். தங்கள் காணிக்குத் திரும்ப முடிந்தபோது அவர்கள் மனக்கசப்பு இல்லாமல் போனார்கள். இப்போதும் நல்லநாள் பெருநாளுக்கு வந்து போகிறார்கள்.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் உண்டு. எங்கள் நாட்டுச் சட்டப்படி, ஒருவர் மற்றொருவரின் காணியைத் தனது என்று சொல்லி 10 வருடம் இடையூறின்றி ஆண்டால் அதற்கு உரிமை கோரலாம். அனுமதியோடு இருப்பவருக்கு அந்த உரிமை வராது. போரினால் காணிக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்காக 2016 இல் ஒரு விசேட சட்டம் வந்தது. ஆனால் அதைப் பயன்படுத்தக் கொடுத்த அவகாசம் இரண்டு வருடங்கள்தான், அது முடிந்துவிட்டது. ஆகையால் ஊருக்குப் போக இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது என்றாலும், காணி விடயத்தை இன்றைக்கே கவனியுங்கள்.

தேசவழமைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவும் கணவரின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். கணவர் காணாமற்போன பெண்களுக்கு இது பெரிய முட்டுக்கட்டை. மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் அனுமதி பெற வழி உண்டு. காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறவும் 2016 இல் சட்டம் இடம் கொடுத்தது. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்கள் இதைப்பற்றி விசாரிக்கலாம். வழக்குச் செலவுக்குப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

சொந்தக் காணி இல்லாதவர்கள்

மலிவாகக் காணி வருகிறது என்று கேள்விப்பட்டால், ஏன் மலிவு என்று முதலில் கேளுங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பல காணிகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுக்கப்பட்ட பெர்மிற் காணிகள். அதிகாரிகளின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் அவற்றைக் கைமாற்ற முடியாது. வெறும் கடதாசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு பணிக்கொடை முழுவதையும் கொடுத்துவிட்டால், பிறகு அழுவதற்கும் இடம் இராது. பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

முகமாலை போன்ற பழைய முன்னரங்கப் பகுதிகளில் கண்ணிவெடி அகற்றும் வேலை போர் முடிந்து பத்து வருடங்களுக்குப் பின்னும் நடந்தது. அத்தகைய இடமாயின், துப்புரவாக்கிக் கையளிக்கப்பட்ட காணிதானா என்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள். வாங்குவதற்கு முன் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்ப்பது இன்னும் நல்லது. ஊர் வாடகை கொழும்பு வாடகையைப்போல் கழுத்தை நெரிக்காது.

தண்ணீரும் வைத்தியசாலையும்

இடம் பார்க்கத் தை மாதத்தில் போகாதீர்கள். மழை முடிந்த கையோடு எல்லாக் கிணறும் நிறைந்துதான் இருக்கும். ஆவணி, புரட்டாதியில் போய்த் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள். உவராகிறதா, வற்றுகிறதா என்று அப்போது தெரியும். கார்த்திகையில் இன்னொரு முறை போனால் வெள்ளம் எவ்வளவு தூரம் வருகிறது என்பதையும் காணலாம்.

எங்கள் வயதில் வைத்தியசாலைக்கு எவ்வளவு தூரம் என்பதே முதற் கேள்வியாக இருக்க வேண்டும். எனக்குச் சீனி வியாதியும் இரத்த அழுத்தமும் உண்டு. சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை பக்கத்தில் இருப்பதால் மாதாந்தக் கிளினிக்குக்குப் பஸ்ஸிலேயே போய் வருகிறேன். பெரிய வருத்தம் என்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை இருக்கிறது. தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியப் பிரிவு 2013 இல் திறக்கப்பட்டது. அதற்கு முன் மஹரகமவுக்குப் போய் நாட்கணக்கில் உறவினர் வீட்டில் தங்கியவர்களை எனக்குத் தெரியும். இத்தனையும் பிரதான வீதிக்குக் கிட்ட இருப்பவர்களுக்கே வசதி. உட்கிராமத்தில், இரவில் ஓட்டோவும் வராத இடத்தில் காணி எவ்வளவு மலிவாக இருந்தாலும் யோசியுங்கள்.

வருவதற்கு முன் கிளினிக் கொப்பியில் எல்லா மருந்தும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஓய்வூதியக் கோவையைப் புதிய பிரதேச செயலகத்துக்கு மாற்றும்படி விண்ணப்பியுங்கள். வாக்காளர் இடாப்பில் பெயர் பதிவதையும் பின்போட வேண்டாம். கிராம அலுவலர் உங்களை இந்த ஊர்க்காரியாக அறிந்தால்தான் மற்ற அலுவல்கள் நடக்கும்.

தனிமை

"என்ன ரீச்சர், தனியவோ இருக்கப் போறியள்? பயமில்லையோ?" என்று அயலவர்கள் கேட்டார்கள். பயம் இருந்தது. தனியே இருக்கும் வயதான பெண்களின் வீடுகளில் களவு நடந்த செய்திகளை நானும் வாசிக்கிறேன். நகை எதையும் வீட்டில் வைப்பதில்லை. அதையும் நாலு பேருக்குத் தெரியும்படி சொல்லி வைத்திருக்கிறேன். முன்வீட்டுப் பிள்ளைகள் மூவருக்கு மாலையில் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். காசு வாங்குவதில்லை. அவர்களுடைய தாய் இரவில் ஒருமுறை படலைக்கு வந்து குரல் கொடுத்துவிட்டுத்தான் படுக்கப் போவாள்.

இருபது வருடத்துக்குப் பிறகு வந்தவளுக்கு ஊர் பழைய ஊராக இராது. என் வயதுக்காரர் பாதிப்பேர் இல்லை. கோயிலிலும் கடையிலும் "நீங்கள் ஆர்?" என்றுதான் முதலில் கேட்டார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலும் முதியோர் சங்கத்திலும் சேர்ந்தேன். முதலாம் வருடம் கடினம், இரண்டாம் வருடம் பழகிவிடும். ஒரு வருத்தம் வந்தால் யார் வருவார், ஒரு சாவு நடந்தால் யார் நிற்பார் என்பதற்கு விடை கிடைத்த பிறகே ஓர் இடம் எங்களுக்கு மலிவான இடம் ஆகிறது.

எழுதிக் கொடுக்குமுன்

ஊருக்கு வந்து வீட்டைத் திருத்தியதும், பிள்ளைகளின் பெயரில் காணியை எழுதிவிடச் சொல்லி ஆலோசனைகள் வரும். எழுதுவது பிழையில்லை. ஆனால் நன்கொடை உறுதியில் உங்களுக்குச் சீவிய உருத்து வைத்து எழுதும்படி நொத்தாரிசிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். நீங்கள் உயிரோடு இருக்கும்வரை அந்த வீட்டில் இருக்கும் உரிமையை அது காப்பாற்றும். பிள்ளையில் நம்பிக்கை இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. பிள்ளைக்கும் கடன் வரலாம், குடும்பத்தில் பிரச்சினை வரலாம். அந்த வேளையில் தாய் தெருவில் நிற்கக் கூடாது.

1995 இல் வலிகாமத்தைவிட்டு ஒரே இரவில் வெளிக்கிட்டோம். 2000 இல் தென்மராட்சியை விட்டும் ஓடினோம். அந்தச் சண்டையில் கணவரை இழந்து, பிள்ளைகளோடு கப்பலில் திருகோணமலைக்கு வந்து, பிறகு கொழும்பை அடைந்தேன். அந்த இடமாற்றங்களில் எங்கே போவது, எதை எடுப்பது என்று எங்களை யாரும் கேட்கவில்லை. இந்த வயதில் செய்வது நாங்களே தீர்மானித்துச் செய்யும் இடமாற்றம். ஒரு வருடம் எடுத்தாலும் பரவாயில்லை. உறுதியைப் பாருங்கள், தண்ணீரைக் குடியுங்கள், வைத்தியசாலைக்கு ஒருமுறை பஸ்ஸில் போய்ப் பாருங்கள், அயலாரோடு கதையுங்கள். அதன்பின் போவதென்றாலும் நிற்பதென்றாலும், முடிவு உங்களுடையதாக இருக்கட்டும்.