மூன்றாம் பாலை எடுத்துக்கொண்டவர்: பிரான்சுவா குரோ

நம் பிரசங்கங்களில் திருக்குறள் வருமாயின் பெரும்பாலும் அறத்துப்பாலிலிருந்தே வரும். பொருட்பால் எப்போதேனும் வரும். காமத்துப்பால் வருவதேயில்லை. இவ்வழக்கம் பழையது. வீரமாமுனிவர் 1730-இல் குறளை இலத்தீனில் பெயர்த்தபோது முதலிரு பால்களோடு நிறுத்திக்கொண்டார். துரூ ஐயர் 1840-இல் தொடங்கி ஆங்கிலத்தில் வெளியிட்டது முதல் 63 அதிகாரங்களே. மூன்றாம் பாலை அவர் தொடவில்லை. போப் ஐயர் 1886-இல் முழுநூலையும் தந்தார். நூறாண்டுகள் கழிந்தபின் ஒரு பிரெஞ்சு அறிஞர், முன்னோர் பலர் ஒதுக்கிய அம்மூன்றாம் பாலை மட்டுமே எடுத்துக்கொண்டு, "காதல் நூல்" என்னும் பொருள்படும் தலைப்பில் 1992-இல் பாரிசிலே காலிமார் பதிப்பகத்தின் வழியாக வெளியிட்டார். அவரே பிரான்சுவா குரோ.

1933-இல் பிரான்சின் லியோன் நகரிற் பிறந்து 2021-இல் மறைந்தவர் இவர். தூரக்கிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சு ஆய்வுப் பள்ளியைச் சேர்ந்தவர். 1960-களில் புதுச்சேரியில் தங்கித் தமிழாய்வு செய்தார். ஆசியாவெங்கும் தொடர்புடைய அப்பள்ளியின் இயக்குநராக 1977 முதல் 1989 வரை பொறுப்பேற்றிருந்தார். பாரிசில் தென்னிந்திய வரலாறும் மொழிநூலும் கற்பித்தார். பயணங்களும் பதவிகளும் இவ்வளவில் நிற்க.

அவருடைய முதற்பெரும் படைப்பு பரிபாடலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பு (1968). எழுபது பாடல்களில் இருபத்திரண்டே முழுமையாக எஞ்சிய நூல் அது; தமிழருள்ளும் அதைக் கற்றோர் சிலரே. அடுத்து, இரா. நாகசாமியோடு சேர்ந்து உத்தரமேரூரின் புராணம், வரலாறு, கட்டடங்கள் பற்றிய நூலை 1970-இல் வெளியிட்டார். பின்னர் அவர் மேற்பார்வையில் தி. வே. கோபாலையர் பதிப்பித்த தேவாரம் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன வெளியீடாக 1984, 1985 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வந்தது. மூன்றாவதான ஆய்வுத்துணை 1991-இல் வந்தது. இங்கு ஒன்று கருதத்தக்கது. மரபுவழித் தமிழ்ப் புலமையைத் தகவல் தரும் கருவியாகக் கொண்டு, பெயரைத் தாமே சூடிக்கொண்ட மேனாட்டார் உண்டு. நம் மிஷனெரிமாருள்ளும் உண்டு. இப்பதிப்பிலோ பதிப்பாசிரியர் என்ற இடம் கோபாலையருக்கே உரியதாயிற்று.

இனிக் காமத்துப்பாலுக்கு வருவோம். 25 அதிகாரங்களில் களவியல் ஏழு. எஞ்சிய பதினெட்டும் கற்பியல். அக்கற்பியலிற் பெரும்பகுதி, கடமை மேற்கொண்டு பிரிந்து சென்றவனை எண்ணி வீட்டிலிருப்பவள் படும் துயரமே. உடல் மெலிதல், பசலை, உறக்கமின்மை, கனவு, மாலைப்பொழுது என அத்துயரம் அதிகாரம் அதிகாரமாக விரிகிறது. இதனை ஒழுக்கக்கேடென்று ஒதுக்கியோர் அதனை நின்று படித்தனரோ என்பது ஐயமே. எங்கள் ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் தென்மாவட்டங்களிலிருந்து ஆலை வேலைக்கு வந்து, மனைவியை ஊரில் விட்டு, ஓரறையில் பலராய்த் தங்கியிருப்போர் உளர். அவர்களைச் சந்திக்கச் செல்லும் ஆயர் குடியையும் கடனையும் குறித்து ஆயத்தமாய்ச் செல்கிறார். பிரிவைக் குறித்துப் பேச அவரிடம் சொல் இருப்பதில்லை. உன்னதப்பாட்டையும் நாம் கிறிஸ்துவும் சபையும் என்று விரைந்து பொருள் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அவ்விளக்கத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நேர்ப்பொருளை முதலில் கேளாமல் அதற்குத் தாவுவது எளிதாகிவிட்டது.

ஒதுக்கப்பட்டதை எடுத்துப் படிக்கும் இப்போக்கு குரோவிடம் முதுமையிலும் தளரவில்லை. மு. கண்ணனோடு சேர்ந்து தமிழ்த் தலித் இலக்கியத்தைப் பற்றி 1996-இல் எழுதினார். தமிழ்ச் சிறுகதைகளைப் பிரெஞ்சில் கொண்டுவந்தார். விலைமாதரும் தரகரும் குடிகாரருமாகிய மதுரைத் தெருமாந்தரை எழுதிய ஜி. நாகராஜனின் நாவல்களும் கதைகளும் பிரெஞ்சில் ஒரு தொகுப்பாக 2013-இல் வெளிவந்தமைக்கும் அவரே முதன்மையானவர். பரிபாடலில் தொடங்கியவருக்கு அப்போது வயது எண்பது.