கல்லை எடுக்கும் முன் ஒரு போன்

பால் பாக்கெட் வாங்க ஐந்து நிமிடம் போதும் என்றுதான் எல்லோரும் காரை விட்டு இறங்குகிறார்கள். பின் சீட்டில் நாய். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கிவிட்டாயிற்று. மனசாட்சிக்கும் கொஞ்சம் காற்று. அந்த இடுக்கால் பெரிய பலனில்லை என்று ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2005-லேயே அளந்து காட்டிவிட்டார்கள். வெளியே இதமான 22 டிகிரி செல்சியஸ் இருக்கும்போதே, வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரி. ஏறுகிற சூட்டில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணியிலேயே ஏறிவிடுகிறது.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். சுற்றிலும் இருக்கும் காற்றே கொதித்தால் எவ்வளவு இரைத்து என்ன? எச்சில் கெட்டியாகி நூலாகத் தொங்கும். ஈறு செக்கச்செவேலென்று சிவக்கும். கால் தள்ளாடும்.

கலிஃபோர்னியாவில் வளர்ப்புப் பிராணியை இப்படி ஆபத்தில் விட்டுப்போவது குற்றம். முதல் முறை, பலத்த பாதிப்பு இல்லையென்றால் தலைக்கு 100 டாலர் வரை அபராதம். நாய்க்குப் பெருங்கேடு நேர்ந்திருந்தால் 500 டாலர் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ. பண்ணைக்கு ஆடு மாடு ஏற்றிப்போகும் லாரிகளுக்கு விலக்கு உண்டு. கருணைக்கும் எல்லை வகுத்திருக்கிறார்கள்!

முன்பெல்லாம் போலீஸோ விலங்கு நல அதிகாரியோ வந்துதான் காரைத் திறக்க வேண்டும். வழிப்போக்கர் கண்ணாடியை உடைத்தால் நஷ்டஈடு கேட்டு வழக்கு வரலாம். 2016-ல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் கையெழுத்திட்ட சட்டம், 2017 ஜனவரி முதல் அந்தப் பயத்தைப் போக்கியது. ஆனால், கோபம் வந்தவுடன் கல்லைத் தூக்க முடியாது. முதலில் கைப்பிடியை இழுத்துப் பார்க்க வேண்டும். பூட்டாத கதவை உடைத்தால் சட்டம் துணைக்கு வராது. அடுத்து அவசர உதவி எண் 911-க்கோ போலீஸுக்கோ சொல்ல வேண்டும். தேவைக்கு மேல் ஒரு அடி கூட அடிக்கக் கூடாது. மீட்ட நாயோடு அருகிலேயே நிழலில் காத்திருந்து, வருகிற அதிகாரியிடம் ஒப்படைக்க வேண்டும். வீட்டுக்குக் கூட்டிப்போய்விட முடியாது. எனக்கு இந்தச் சட்டத்தில் பிடித்ததே, வீரத்துக்குக் கடிவாளம் போட்ட இந்த நிபந்தனைகள்தான்.

2019-ல் டெஸ்லா ‘நாய் முறை’ என்றொரு வசதியைக் கொண்டுவந்தது. ஏசி ஓடிக்கொண்டிருக்கும், ‘என் முதலாளி சீக்கிரம் வந்துவிடுவார்’ என்ற செய்தியும் உள்ளே எத்தனை டிகிரி என்பதும் திரையில் பெரிதாகத் தெரியும். நாய்க்குப் படிக்கத் தெரியாது. கல்லோடு நிற்பவருக்குத் தெரியுமே!