கரண்ட் திரும்பும் நேரம்: அரைவை மெஷினில் கவனம்

மளிகைக் கடையோடு மிளகாய், மல்லி அரைக்கும் மெஷினும் போட்டிருக்கும் வணிகப் பெருமக்கள் நம்மில் அநேகர். அரைவையின் நடுவே கரண்ட் போனால் என்ன செய்கிறோம்? மெஷின்தான் நின்றுவிட்டதே என்று மூடியைத் திறந்து, அடைத்த தூளைக் கையால் வழிக்கிறோம். சுவிட்சோ போட்டது போட்டபடி இருக்கிறது. கரண்ட் சொல்லிக்கொண்டா வருகிறது?

சாதா சுவிட்சில் ஓடும் மெஷின் அந்த நொடியே சுற்றத் தொடங்கும், விரல் மிஞ்சாது. ஸ்டார்ட்டர் வைத்தது அப்படியல்ல. பச்சைப் பொத்தானை அழுத்தியதும் உள்ளே உள்ள காயில் காந்தமாகி இணைப்பைப் பிடித்துக்கொள்கிறது. கரண்ட் போனதும் பிடி விட்டுவிடும். மறுபடி பச்சையை அழுத்தினால்தான் மெஷின் ஓடும். எலக்ட்ரீஷியன்கள் இதை 'நோ வோல்ட் காயில்' என்பார்கள். சிங்கிள் பேஸ் மெஷினுக்கும் இப்படிப்பட்ட ஸ்டார்ட்டர் கிடைக்கிறது.

சிலர் மலிவாக வருகிறதென்று கிணற்று மோட்டாரின் பழைய ஆட்டோ ஸ்டார்ட்டரை வாங்கி மாட்டுகிறார்கள். கரண்ட் வந்ததும் தானே ஓடுவதற்கென்று செய்த சாமான் அது. வயலுக்கு நல்லது, அரைவைக்கு எமன். பச்சைப் பொத்தான் நிற்கவில்லையென்று தீக்குச்சி செருகுவதும் அதே கதைதான்.

ஸ்டார்ட்டர் இருந்தாலும் கடைப் பையன் தெரியாமல் அழுத்திவிடலாம். பவரை நிறுத்தும் சாதனம் தானாக 'ஆன்' பக்கம் நகரக்கூடியதானால் அதைப் பூட்டி வைக்க ஏற்பாடு வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 24-ஆவது பிரிவே சொல்லியிருந்தது. நம் கடைக்குப் பூட்டுக்கூட வேண்டாம். மெயினை அணைத்து, பியூஸ் கட்டையைக் கழற்றிவிட்டுக் கை வைக்கலாம். பிளக் மெஷினானால் பிளக்கைப் பிடுங்கிவிடலாம். கழற்றிய கட்டை, மெஷினைச் சுத்தம் செய்கிறவர் சட்டைப் பையில்தான் இருக்க வேண்டும். கல்லாவில் வைத்தால் வேறொருவர் எடுத்து மாட்டிவிடுவார்.