திரும்பி வர்றதுக்குத்தான் டோல்: காத்தடிக்கிற அணையில் சின்னப் படகு

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம். நான் சொன்னதையே திரும்பச் சொன்ன இடங்களை மட்டும் வெட்டியிருக்கேன்.)

கப்பலூர்ல இருந்து பேசுறேன். பேர்ல கப்பல் இருக்கு. ஊர்ல கப்பலும் இல்ல, கடலும் இல்ல. சிட்கோ தொழிற்பேட்டையும் டோல்கேட்டும்தான் இருக்கு. இந்த ஊர்க்காரன் படகுப் பாதுகாப்பு பத்திப் பேசலாமான்னு கேட்டீங்கன்னா, நியாயமான கேள்வி. போன ஆடி மாசம் ஒரு பரிசல்ல உட்கார்ந்து கை நடுங்கினவன்ங்கிற ஒரே தகுதியிலதான் பேசுறேன்.

நடந்தது என்ன?

தேனிப் பக்கம் ஒரு அணை. எங்க மாமாவுக்குத் தெரிஞ்ச மீனவர் அண்ணன் ஒருத்தர், உரிமம் வாங்கி அங்க மீன் பிடிக்கிறவர். அவர் வலை எடுக்கப் போறப்ப நாங்களும் கூடப் போனோம். அவர் ஒரு பரிசல், நானும் மாமாவும் ஒரு பரிசல். மாமா சின்ன வயசுல துடுப்புப் போட்டவர். லைஃப் ஜாக்கெட் ரெண்டு இருந்துச்சு. அதை நாங்க என்ன பண்ணோம்? மடிச்சுப் போட்டு அதுமேல உட்கார்ந்துக்கிட்டோம்.

காலைல ஏழு மணிக்குத் தண்ணி கண்ணாடி மாதிரி இருந்துச்சு. மெல்லிசா மேல்காத்து, முதுகுப் பக்கம். துடுப்பே போட வேணாம், பரிசல் தானா போச்சு. “சூப்பர் மாமா”ன்னு சொல்லிக்கிட்டே நடு அணைக்கு வந்துட்டோம். ஒன்பதரை, பத்து மணி இருக்கும், காத்து ஏறுச்சு. திரும்பலாம்னு துடுப்பைப் போட்டா பரிசல் நின்ன இடத்துலயே சுத்துது. அரை மணி நேரம் ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் போட்டோம். கரை கிட்ட வரவே இல்ல. அலை விளிம்பைத் தாண்டி உள்ள தெறிக்க ஆரம்பிச்சிருச்சு.

அப்ப அந்த அண்ணன் பக்கத்துல வந்து சொன்னார்: “காத்தோட மல்லுக்கட்டாதீங்க தம்பி. அது களைக்காது, நீங்க களைச்சுருவீங்க. அதோட போக்குல போய் எதிர்க்கரையில ஏறுங்க.” ஏறினோம். பரிசலை அங்கேயே கவுத்துப் போட்டுட்டு, வெயில்ல ரோடு வரைக்கும் நடந்து பஸ் பிடிச்சு வந்தோம். வெட்கமாத்தான் இருந்துச்சு. ஆனா முழுசா வந்தோம்.

கரை ஏன் பொய் சொல்லுது?

வீட்டுக்கு வந்து இதைத்தான் யோசிச்சேன். நாங்க கிளம்பின இடத்துல அலையே இல்லையே?

அலையோட உயரத்தை மூணு விஷயம் முடிவு பண்ணுது: காத்தோட வேகம், எவ்வளவு நேரம் அடிக்குது, தடையில்லாத தண்ணி மேல எவ்வளவு தூரம் ஓடி வருது. மூணாவதுதான் நம்மளை ஏமாத்துறது. மேற்குல இருந்து காத்து அடிச்சா, மேற்குக் கரையில அலைக்கு ஓடி வர்ற தூரம் பூஜ்யம். அதனால அங்க தண்ணி அமைதியா இருக்கும். அதே நேரத்துல கிழக்குக் கரையில அலை முட்டிக்கிட்டு இருக்கும். அந்த ஓட்ட தூரம் நாலு மடங்கு ஆனா அலை உயரம் தோராயமா ரெண்டு மடங்கு ஆகும்.

அதாவது காத்து முதுகுல அடிக்கிற கரைதான் பார்க்க நல்ல கரை, கிளம்ப மோசமான கரை. போறது இலவசம், திரும்பி வர்றதுக்குத்தான் டோல். நாங்க டோல்கேட் ஊர்க்காரங்க, இது எங்களுக்கே புரியலன்னா எப்படி?

இன்னொரு கணக்கு. காத்தோட வேகம் ரெண்டு மடங்கு ஆனா, அது படகைத் தள்ளுற விசை நாலு மடங்கு ஆகுது. வேகத்தோட வர்க்கம். “கொஞ்சம் காத்து கூடியிருக்கு”ன்னு நமக்குத் தோணுறப்ப, தோள்பட்டைக்கு வர்ற வேலை கொஞ்சமாக் கூடுறதில்ல.

நேரமும் முக்கியம். ராத்திரி தரையோரக் காத்து குளிர்ந்து கீழ படிஞ்சுடும். மேல அடிக்கிற பலமான காத்து கீழ இறங்காது. வெயில் ஏறித் தரை சூடானதும் மேல் காத்தும் கீழ் காத்தும் கலக்கும், மேல இருந்த வேகம் கீழ வந்துரும். அதனாலதான் காலைல கண்ணாடி, மதியம் கொந்தளிப்பு. தென்மேற்குப் பருவக்காத்து மலை இடைவெளி வழியா இறங்குற கம்பம், தேனிப் பக்கம் ஆடியில இது இன்னும் ஜாஸ்தி. ஆடிக்காத்துல அம்மியே பறக்கும்னு சும்மாவா சொன்னாங்க? சித்திரை, வைகாசியில வேற ஆபத்து. சாயங்கால இடிமேகத்துல இருந்து இறங்குற குளிர்காத்து, மழைக்கு முன்னாடியே வந்து அடிக்கும். அந்தக் குளிர் முகத்துல பட்டப்போ நடு அணையில இருந்தா நேரம் கடந்துருச்சுன்னு அர்த்தம்.

நீர்மட்டத்தையும் பாருங்க. வைகை அணையோட முழு அளவு 71 அடி. 45 அடியில பார்த்த அணையும் 70 அடியில பார்க்கிற அணையும் ஒண்ணு இல்ல. தண்ணி பரவினா அலை ஓடுற தூரமும் கூடுது. தண்ணி குறைஞ்சா முங்கிக் கிடந்த மரக்கட்டையும் பாறையும் மேல வருது. மேட்டூர் மாதிரி ரொம்பப் பெரிய அணைன்னா எல்லாமே இதுக்கு மேல.

பரிசலோட குணம்

பரிசல் வட்டம். அடி தட்டை. அதனால சும்மா இருக்கிறப்ப நல்லா நிக்கும், ஆழமில்லாத தண்ணியிலயும் போகும். ஆனா தண்ணியைக் கிழிச்சுப் போற முனையோ, பக்கவாட்டுல பிடிச்சு நிறுத்துற அமைப்போ கிடையாது. காத்து சொன்ன பக்கம் போகும்.

உள்ள தண்ணி புகுந்தா இன்னொரு சிக்கல். பரிசல் சாயுற பக்கமே அந்தத் தண்ணியும் ஓடி, இன்னும் சாய்க்கும். அதனால ஒரு மக்கோ வெட்டின கேனோ கயித்துல கட்டி உள்ள இருக்கணும். தெறிக்க ஆரம்பிச்சதுமே இறைக்கணும், நிறையட்டும்னு காத்திருக்கக் கூடாது. ஆளும் மீனும் வலையும் ஏத்தின பிறகு விளிம்புக்கும் தண்ணிக்கும் நடுவுல ஒரு சாண் கூட இல்லைன்னா, யாராவது ஒருத்தர் இறங்கணும். இது நான் வச்சிருக்கிற கணக்கு.

எழுந்து நிக்காதீங்க. பெரிய கட்லா மாட்டினாலும் எல்லாரும் ஒரே பக்கம் சாயாதீங்க. 2009 செப்டம்பர் 30 அன்னைக்குத் தேக்கடியில ‘ஜலகன்யகா’ சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தாங்க. பயணிகள் ஒரு பக்கமா நகர்ந்ததும் ஒரு காரணம்னு அப்ப பேசப்பட்டுச்சு. மதுரைக்கு வர்ற பெரியாத்துத் தண்ணி தேங்கி நிக்கிற அதே ஏரி. ரெண்டு வருஷம் கழிச்சு, 2011 டிசம்பர் 25, பழவேற்காட்டுல படகு கவிழ்ந்து 22 பேர். தண்ணி பெருசா இருந்துச்சு, படகு சின்னதா இருந்துச்சு, நாள் பண்டிகை நாளா இருந்துச்சு. “இன்னைக்கு ஒண்ணும் ஆகாது”ன்னு நம்ம எல்லாருக்கும் தோணுற மாதிரியான நாள்.

ஜாக்கெட் உட்காரறதுக்கு இல்ல

எங்க ரெண்டு பேர்ல எனக்குத்தான் நீச்சல் தெரியும். திருமங்கலம் பக்கம் கிணத்துல, முதுகுல கேன் கட்டிக் கத்துக்கிட்டது. கிணத்துல நாலு கை வீசினா படி வந்துரும். அணையில அலை வாயில அடிக்கும், லுங்கி கால்ல சுத்தும், வலை இழுக்கும். கவுந்த பிறகு தண்ணிக்குள்ள ஜாக்கெட் மாட்டுறது, ஓடுற பைக்ல இருந்து விழுந்துக்கிட்டே ஹெல்மெட் போடுற மாதிரி.

போட்டுட்டு ஒரு சோதனை பண்ணுங்க. பக்கத்துல இருக்கவர் ரெண்டு தோள்லயும் பிடிச்சு மேல தூக்கட்டும். அது தாடையைத் தாண்டி வந்தா தளர்வு, பட்டையை இறுக்குங்க. மூடி இறுக்கின காலி 5 லிட்டர் கேன் கிட்டத்தட்ட 5 கிலோ மிதப்புத் தரும். அதைப் பரிசலுக்குள்ள ரெண்டு மூணு கட்டி வச்சா, கவுந்தாலும் பரிசல் அடியில போகாது. ஆனா அது ஜாக்கெட்டுக்கு மாத்து இல்ல. மயங்கினவன் முகத்தை அது மேல தூக்கிப் பிடிக்காது.

கவுந்துட்டா கரையைப் பார்த்து நீந்தாதீங்க. தண்ணி மேல தூரம் எப்பவும் கம்மியாத்தான் தெரியும். படகைப் பிடிச்சுக்கிட்டே இருங்க. தேடுறவங்க கண்ணுக்கு ஒரு தலை தெரியாது, கவுந்த பரிசல் தெரியும்.

கிளம்புறதுக்கு முன்னாடி

1. வானிலை மையத்தோட முன்னறிவிப்பைப் பாருங்க. மின்னலுக்கு ‘தாமினி’ ஆப் இருக்கு.
2. காத்து முகத்துல அடிக்கிற கரையில இருந்து கிளம்புங்க. முதல்ல எதிர்த்துப் போனா, களைச்ச நேரத்துல காத்தே வீட்டுக்குக் கொண்டு வந்து விடும். அலை பெருசா அடிச்சு அந்தக் கரையில இருந்து கிளம்பவே முடியலையா? அதுதான் அன்னைக்கான பதில்.
3. திரும்புற நேரத்தைக் கரையிலயே முடிவு பண்ணுங்க. மீன் கடிக்குதுன்னு மாத்தாதீங்க.
4. எங்க போறோம், எத்தனை மணிக்கு வருவோம்னு வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லுங்க. வரலைன்னா 112 அல்லது 101.
5. போன் பிளாஸ்டிக் உறையில, கழுத்துல. வலையை அறுக்க ஒரு கத்தி, கை எட்டுற இடத்துல.
6. தண்ணி அடிச்சிருந்தா தண்ணியில இறங்காதீங்க.

சாஃப்ட்வேர்ல வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுசா எதையும் லைவ் பண்ணக் கூடாதுன்னு சொல்லுவோம். தப்பானா திரும்பி வர வழி இருக்கான்னு முதல்ல பார்க்கச் சொல்ற வழக்கம் அது. அணையும் அப்படித்தான். நடுத்தண்ணியில நல்ல முடிவு எடுக்க முடியாது, அங்க மிச்சமிருக்கிறது பலம் மட்டும்தான். முடிவெல்லாம் கரையிலதான்.

மாமா இப்ப ஜாக்கெட் போட்டுத்தான் பரிசல்ல ஏறுறார். “சட்டைக்கு மேல சட்டை, வேகுதுடா”ன்னு திட்டிக்கிட்டேதான். திட்டட்டும். உங்க ஊர்க் கண்மாய், அணை அனுபவம் இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.