கணிதமும் காப்புறுதிக் கணிப்பும்

பல்கலைக்கழகத்திற் கணிதம் பயின்றார் யாது தொழிலை மேற்கொள்வர் என வினவின், ஆசிரியத் தொழில் என்னும் விடையே நம்மவரிடையே முதலில் எழும். அவ்விடை தக்கதே. ஆயினும், கணித அறிவையே மூலதனமாகக் கொண்ட பிறிதொரு தொழிலும் உண்டு. அக்சுவரி எனப்படுவோர் தொழில் அது. மக்களின் ஆயுள், நோய், விபத்து என்பவற்றின் நிகழ்தகவையும் வட்டியின் வளர்ச்சியையும் ஒருங்குவைத்து, காப்புறுதிக் கட்டணமும் ஓய்வூதிய நிதியும் எவ்வளவாதல் வேண்டுமெனக் கணிப்போர் அவர். காப்புறுதி விற்கும் முகவரோடு இவரை ஒன்றாக எண்ணி மயங்குவாரும் உளர்.

இக்கலையின் அடிப்படையை விளக்குதற்கு, வால்வெள்ளியாற் பெயர்பெற்ற எட்மண்ட் ஹலி 1693 இல் வெளியிட்ட ஆயுள் அட்டவணையே போதும். பிறெஸ்லோ நகரத்துப் பிறப்பு இறப்புப் பதிவுகளை ஆதாரமாகக் கொண்டு அவர் அதனை வகுத்தார். அதன்படி, தொடக்கத்தில் 1000 பேராக இருந்த குழந்தைகளுள் 20 ஆம் வயதில் எஞ்சுவோர் 598; 21 இல் 592; 60 இல் 242. இனி, 20 வயதினர் 598 பேரும் ஓராண்டுக்கு ஆளுக்கு 1000 ரூபா காப்புறுதி செய்கின்றனர் எனக் கொள்வோம். இறப்போர் அறுவர், கொடுக்கவேண்டியது 6000 ரூபா. அதனை 598 ஆற் பிரிப்பின், தலைக்கு ஏறத்தாழ 10 ரூபா 3 சதம். பணம் ஆண்டு முடிவிலேயே கொடுக்கப்படுமாயின், நூற்றுக்கு 4 வட்டி வீதத்தில் இன்று 9 ரூபா 65 சதம் பெற்றாற் போதும். அவ்வறுவர் யாவர் என்பதை எவரும் அறியார், அறியவும் வேண்டியதில்லை.

அவ்விளைஞருள் 60 வயது காண்போர்க்கு மாத்திரம் 1000 ரூபா அளிப்பதாயின்? நாற்பதாண்டு கழித்துப் பெறும் 1000 ரூபாவின் இன்றைய பெறுமதி, அதே வட்டி வீதத்தில் ஏறக்குறைய 208 ரூபா. அறுபதை எட்டுவோர் 598 இல் 242 பேரே ஆதலின், அப்பின்னத்தாற் பெருக்க 84 ரூபா வரும். உயர்தர வகுப்பு மாணாக்கர் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். (இலண்டன் நகரத்து ஜேம்ஸ் டொட்சன் என்னும் கணித ஆசிரியர், வயது கடந்தவர் என ஒரு சங்கம் தம்மை ஏற்க மறுத்தமையாலேயே, வயதுக்கேற்ற கட்டணத்தைக் கணிக்கத் தொடங்கினார் என்பர். அவர் மறைந்தபின், அவர் வகுத்த முறையைக் கொண்டே 1762 இல் எக்குயிற்றபிள் சங்கம் தோன்றிற்று.)

பல்கலைக்கழகத்திற் பயில வேண்டுவன நுண்கணிதம், நிகழ்தகவு, புள்ளிவிபரவியல், நேர்கோட்டு அட்சரகணிதம் என்பன. கணினி நிரலாக்கமும் இன்று இன்றியமையாதது. இறப்பின் விசை வயதோடு பெருக்கல் விருத்தியில் ஏறும் என 1825 இற் கொம்பேட்ஸ் நிறுவிய விதியை, நுண்கணிதம் அறியாதார் உணர்தல் அரிது. யூதராதலின் பல்கலைக்கழகம் புகவியலாத அவர், தாமே கற்றுத் தேர்ந்தவர் என்பது ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

நிற்க. பட்டம் மட்டும் ஒருவரை அக்சுவரி ஆக்காது. 1848 இல் இலண்டனிலும் 1856 இல் எடின்பரோவிலும் தோன்றி, 2010 இல் ஒன்றாகிய கழகம் நடத்தும் பரீட்சைகளிற் சித்தியெய்தல் வேண்டும். அவை தொழில் புரிந்துகொண்டே பல்லாண்டு எழுதப்படுவன. இடையில் விட்டு நீங்குவாரும் பலர். அங்கீகாரம் பெற்ற பட்டநெறி பயின்றார்க்குத் தொடக்கப் பரீட்சைகள் சிலவற்றினின்று விலக்கு உண்டு. அமெரிக்கச் சங்கத்தின் முதற் பரீட்சைகளாகிய நிகழ்தகவையும் நிதிக்கணிதத்தையும் மாணவப் பருவத்திலேயே எழுதலாம். விலக்கை விரும்பி, அத்தொழிற்கென்றே அமைந்த குறுகிய நெறியைத் தேர்வதா, பொதுக் கணித நெறியைத் தேர்வதா என்பதே மாணாக்கர் முன்னுள்ள வினா. பின்னையதே நன்றென்பது எமது கருத்து. இடையில் மனம் மாறினாற் கற்றது வீண்போகாது.

ஆயினும் பொருளியலையும் சட்டத்தையும் புறக்கணித்தலாகாது. மேலே கூறிய எக்குயிற்றபிள் சங்கம் 1988 வரை விற்ற ஒப்பந்தங்கள் பலவற்றில், ஓய்வுக்காலத்து ஆண்டுத்தொகைக்கு ஒரு குறைந்தபட்ச வீதத்தை உறுதி செய்தது. அன்று வட்டி உயர்ந்திருந்தமையின், அவ்வுறுதி செலவற்றதெனத் தோன்றிற்று. பின்னர் வட்டி வீழ்ந்தது. மக்களின் ஆயுளும் நீண்டது. உறுதியைப் பயன்படுத்துவோர்க்கு மேலூதியத்தைக் குறைத்துச் சரிக்கட்டச் சங்கம் முயன்றது. 2000 ஜூலையில் பிரபுக்கள் சபை அதனைச் செல்லாதெனத் தீர்த்தது. அவ்வாண்டு டிசம்பரில், 238 ஆண்டு நிலவிய அச்சங்கம் புதிய காப்புறுதி ஏற்பதை நிறுத்திற்று.