சுக்லோமா: போனவர்கள் திரும்பிய காலமும் திரும்பாத காலமும்

ரஷ்யாவின் கோஸ்த்ரோமா மாகாணத்தில், வடக்குப் பக்கமாக இருக்கிறது சுக்லோமா மாவட்டம். பரப்பு 3,640 சதுர கிலோமீட்டர். 1989 கணக்கெடுப்பில் அங்கே 15,913 பேர் இருந்தார்கள், 2002இல் 13,246, 2010இல் 11,001. இருபத்தோரு ஆண்டுகளில் பத்துக்கு மூன்று பேர் குறைந்துவிட்டார்கள். சதுர கிலோமீட்டருக்கு மூன்று பேர் என்று கணக்கு வரும். மாவட்டத்து மக்களில் கிட்டத்தட்ட பாதிப் பேர் சுக்லோமா என்ற ஒரே நகரத்தில் குடியிருப்பதால், நகர எல்லையைத் தாண்டினால் ஒன்றரைப் பேர்தான் தேறுவார்கள்.

ரஷ்யாவில் மாகாணத்துக்கு ஒப்லாஸ்த் என்று பெயர், அதற்குக் கீழே உள்ள நிர்வாக அலகு ராயோன். ஜார் காலத்து மாவட்டங்களான உயேஸ்த்களைக் கலைத்துவிட்டு 1920களில் சோவியத் அரசு போட்ட கோடுகள் இந்த ராயோன்கள். சுக்லோமா ராயோன் 1928இல் உருவானது. நகரமோ பதினான்காம் நூற்றாண்டிலிருந்தே ஏட்டில் இருக்கிறது.

நிலத்தைப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். நகரம் சுக்லோமா ஏரிக்கரையில் இருக்கிறது. ஐம்பது சதுர கிலோமீட்டருக்குச் சற்றே குறைவான, ஆழமில்லாத, அடியில் சேறு தட்டிய ஏரி. அதிலிருந்து கிளம்பும் வெக்ஸா ஆறு மேற்கே கோஸ்த்ரோமா ஆற்றில் சேர்கிறது. மாவட்டத்தின் இன்னொரு ஆறான வீகா உன்ஷா ஆற்றுக்குப் போகிறது. எப்படிப் போனாலும் தண்ணீர் கடைசியில் வோல்காவுக்குத்தான். மிச்சமெல்லாம் காடு: ஸ்ப்ரூஸ், பைன், பிர்ச். மண் வளமற்றது, கோடை குறுகியது. உழுதவன் குடும்பத்துக்கே விளைச்சல் எட்டாது. சைபீரியாவுக்குப் போகும் பெரிய ரயில் பாதை தெற்கே காலிச் நகரோடு போய்விடுகிறது. சுக்லோமா நகருக்கு ரயில் இல்லை.

சோவியத் யூனியன் உடைந்ததால் ஊர் காலியானது என்று ஒரே வரியில் முடிப்பவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. இந்த ஊர்க்காரர்கள் வெளியே போகத் தொடங்கியது அதற்கு இருநூறு ஆண்டுகள் முன்பே. பண்ணையடிமைக் காலத்தில் நிலக்கிழார்களுக்கு இங்கே தானியத்தைவிடப் பணமாக வரும் வரிதான் லாபம். அந்தப் பணத்துக்காக ஆண்கள் பீட்டர்ஸ்பர்க் போனார்கள், தச்சர்களாகவும் பெயின்டர்களாகவும். வசந்தத்தில் கிளம்பி, கட்டட வேலை முடிந்ததும் குளிர்காலத்துக்கு முன்பாக ஊர் திரும்புவார்கள். இந்த உயேஸ்தில் 1821இல் பிறந்த எழுத்தாளர் அலெக்ஸேய் பீஸெம்ஸ்கி, அப்படிப் பீட்டர்ஸ்பர்க் போய்வரும் ஒருவனைப் பற்றித் தனிக் கதையே எழுதினார். மருத்துவர் ஷ்பன்கோவ் சுக்லோமா, சொலிகாலிச் வட்டாரங்களைச் சுற்றி ஆராய்ந்து 1891இல் வெளியிட்ட நூலின் பெயர் ‘பெண்கள் சீமை’. ஆண்கள் இல்லாத கிராமங்களில் ஏர் பிடித்ததும் பெண்கள்தான்.

போனவர்கள் அன்று பணத்தோடு திரும்பினார்கள். அதற்குச் சாட்சி அஸ்தஷோவோ கிராமத்து மரமாளிகை. மர்த்யான் ஸஸோனவ் என்ற விவசாயி பீட்டர்ஸ்பர்க்கில் மரவேலை ஒப்பந்தக்காரராகி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஊரில் கட்டிய வீடு அது. ஜன்னல் சட்டங்களில் இடம் விடாமல் செதுக்கல், கூம்புக் கூரைகள், மேலே ஒரு கோபுரம். தலைநகரில் அன்று மவுசாக இருந்த பாணியை அப்படியே காட்டுக்குள் கொண்டுவந்து இறக்கியிருக்கிறார் மனிதர். பிற்பாடு கூட்டுப்பண்ணை அதை அலுவலகமாக வைத்துக்கொண்டது. 1970களில் கிராமத்தில் ஆளில்லாமல் போக, சுற்றிலும் பிர்ச் மரங்கள் மண்டி, கோபுரம் சாய்ந்தது. இந்த நூற்றாண்டில் தன்னார்வலர்கள் பாதை வெட்டி, கிரேன் வைத்துக் கோபுரத்தை இறக்கி, கட்டைகளைப் பிரித்துப் பழுது பார்த்தார்கள். இன்று அது விடுதி.

திரும்பி வரும் வழக்கம் அறுந்தது இருபதாம் நூற்றாண்டில். புரட்சி, கூட்டுப்பண்ணை, போர் என்று அடிமேல் அடி. 1932இல் உள்நாட்டுப் பாஸ்போர்ட் வந்தபோது கூட்டுப்பண்ணை விவசாயிகளுக்கு அது கொடுக்கப்படவில்லை. 1974 உத்தரவுக்குப் பிறகுதான் கைக்கு வந்தது. அதற்கு முன்பும் ராணுவம், படிப்பு, தொழிற்சாலை ஆளெடுப்பு என்று கிடைத்த சந்தில் நுழைந்து இளைஞர்கள் வெளியேறினார்கள். போனால் போனதுதான், ஊர் திரும்பினால் மறுபடி கட்டுண்டு கிடக்க வேண்டுமே. 1960, 70களில் அரசே சிறு கிராமங்களை ‘எதிர்காலம் இல்லாதவை’ என்று பிரித்து வைத்தது. பள்ளி மூடும், கடை மூடும், மிச்சமிருப்பவர்களும் மூட்டை கட்டுவார்கள். நாடு முழுக்க இதன் விளைவு 2010 கணக்கெடுப்பில் தெரிந்தது: சுமார் 1,53,000 கிராமங்களில் 19,000க்கும் மேற்பட்டவற்றில் நிரந்தரக் குடி ஒன்றுகூட இல்லை.

இன்றும் ஆண்கள் மாஸ்கோ போகிறார்கள். இரண்டு வாரம் காவல் வேலை, இரண்டு வாரம் வீடு என்பது போன்ற முறை, ‘வாஹ்தா’ என்பார்கள். கணக்கெடுப்பில் அவர்கள் உள்ளூர்க்காரர்கள், சம்பாதிப்பது வெளியே. இதற்கு நேரெதிர் கோடைக்காலத்து ‘தாச்னிக்’குகள். பெருநகரங்களிலிருந்து வந்து, பாட்டி விட்டுச்சென்ற வீட்டில் உருளைக்கிழங்கு போட்டு, செப்டம்பரில் கதவைப் பூட்டிக்கொண்டு போய்விடுகிறவர்கள். 2002, 2010 கணக்கெடுப்புகள் இரண்டும் நடந்தது அக்டோபரில்! அப்படியே கோடையில் நடந்திருந்தாலும், நிரந்தர முகவரி நகரத்தில் என்பதால் கிராமத்துக் கணக்கில் அவர்கள் சேர மாட்டார்கள்.

மாவட்ட நிர்வாகத்தின் தலைவலி இங்கேதான். பூஜ்யம் என்று பதிவான கிராமத்திலும் ஜூலையில் பத்து அடுப்பு எரியும். மின்கம்பி அறுந்தால் கட்ட ஆள் போக வேண்டும், ரொட்டி விற்கும் நடமாடும் கடைக்குச் சாலை வேண்டும், மாரடைப்பு வந்தால் ஆம்புலன்ஸ் காட்டுப் பாதையில் ஓட வேண்டும். நிதிக் கணக்கோ நிரந்தரக் குடிகளின் தலையை எண்ணித்தான் போடப்படுகிறது.