துணையில்லாத தீர்மானம்

விசுவாசத் தடங்கள் – 12

டிசம்பர் 31 இரவு பதினொரு மணிக்கு மேல் போனால் நம் தேவாலயங்களில் உட்கார இடம் கிடைக்காது. ஆண்டு முழுவதும் தலைகாட்டாதவர்களும் அன்றைக்கு வந்துவிடுவார்கள். பன்னிரண்டு மணி அடித்து, கைகுலுக்கி வாழ்த்துச் சொன்னதும் வாக்குத்தத்த வசன அட்டைக்கு வரிசை நிற்கும். தட்டில் கவிழ்த்து வைத்த அட்டைகளில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் படித்துவிட்டு, "உனக்கு என்ன வந்திருக்கு?" என்று பக்கத்தில் இருப்பவரின் கையையும் எட்டிப் பார்ப்பார்கள். ஆசீர்வாதம், சமாதானம், சுகம், பெருக்கம் என்றுதான் வரும். கடிந்துகொள்ளும் வசனத்தை யாரும் அட்டையில் அச்சடிப்பதில்லை.

இந்த ஆண்டு கடவுள் நமக்கு என்ன தருவார் என்பதற்கு அட்டை பதில் சொல்கிறது. நாம் என்ன தரப்போகிறோம் என்பதை மனதுக்குள் முடித்துக்கொள்கிறோம். ‘தினமும் வேதம் வாசிப்பேன், ஜெபத்தை விடமாட்டேன்’ என்ற தீர்மானம்தான் அது. வேதாகமத்தில் மொத்தம் 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று வீதம் படித்தால் ஜனவரி 30-ல் யாத்திராகமம் முடியும். மறுநாள் லேவியராகமம், பலிகளின் விதிமுறைகளோடு தொடங்கும். பெரும்பாலானோரின் புத்தாண்டுத் தீர்மானம் காலமாவது அங்கேதான்.

மனஉறுதி இல்லை என்று நம்மை நாமே நொந்துகொள்வோம். எனக்கென்னவோ கோளாறு வேறிடத்தில் இருப்பதாகத் தோன்றுகிறது. விசுவாசத்தில் வளர்வதை நாம் தனியாள் வேலையாக ஆக்கிவிட்டோம்.

தனியாளாகத் தீர்மானம் எடுத்தவர்களில் ஜோனத்தன் எட்வர்ட்ஸை மிஞ்ச ஆளில்லை. அமெரிக்காவின் பெரிய இறையியலாளர்களில் ஒருவர். 1722-ல், இருபது வயதுகூட நிரம்பாதபோது, தனக்கென்று தீர்மானங்களை எழுதத் தொடங்கினார். அடுத்த ஆண்டு ஆகஸ்டுக்குள் அவை 70 ஆயின. வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் படித்துப் பார்ப்பது அவர் ஏற்படுத்திக்கொண்ட விதி. எதில் தவறினோம் என்று இரவு படுக்கப் போகும்போது தன்னையே விசாரிப்பது இன்னொன்று. கடவுளின் உதவியின்றித் தன்னால் எதுவும் ஆகாது என்று பட்டியலின் தலைப்பிலேயே எழுதிவைத்தார்.

அந்தப் பட்டியலில் தர்மம் உண்டு, பிறரைப் பழிக்காமல் இருப்பது உண்டு. ஆனால் இதே எட்வர்ட்ஸ் 1731-ல் நியூபோர்ட் நகரத்துக்குப் போய், பதினான்கு வயது ஆப்பிரிக்கச் சிறுமியை அடிமையாக விலைக்கு வாங்கி வந்தார். தினந்தோறும் நடந்த அந்தக் கடுமையான சுயபரிசோதனையில் இது பாவமாகப் படவே இல்லை. சுற்றியிருந்த போதகர்களும் பெரிய மனிதர்களும் அடிமைகளை வைத்திருந்த ஊரில், அவர் கண்ணுக்கு மட்டும் எப்படித் தெரியும்? தன் முதுகைத் தானே பார்க்க முடியாது.

அதே நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஜான் வெஸ்லி வேறு வழியில் போனார். பிரிஸ்டலுக்கு அருகே கிங்ஸ்வுட் என்ற ஊரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் முன்பெல்லாம் சனிக்கிழமை இரவுகளைச் சாராயக் கடையில் கழித்தவர்கள். மனம் மாறிய பிறகு அதே இரவுகளில் கூடி ஜெபித்தார்கள். வெஸ்லி இதை மாதாந்தர விழிப்பு ஆராதனையாக ஏற்படுத்தினார். பௌர்ணமியை ஒட்டிய வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுத்தார். நள்ளிரவில் வீடு திரும்புகிறவர்களுக்கு நிலா வெளிச்சம் வேண்டுமே! நாம் டிசம்பர் 31-ல் கூடும் ஆராதனைக்கு இந்தச் சுரங்கத் தொழிலாளர்களும் ஒரு மூலம்.

1742-ல் பிரிஸ்டல் சபைக்குக் கட்டடக் கடன் இருந்தது. ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலித்து அடைப்பது, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் பொறுப்பு என்று முடிவானது. பென்னி வாங்க வீடு வீடாகப் போனவர்கள் குடும்பச் சண்டையையும் குடியையும் வறுமையையும் நேரில் கண்டு வந்து சொன்னார்கள். வசூல் குழுக்கள் அப்படியே வாரந்தோறும் கூடும் விசுவாசக் குழுக்களாயின. ‘உன் ஆத்துமா எப்படி இருக்கிறது?’ என்று முகத்துக்கு நேரே கேட்க ஆள் வந்தது. எட்வர்ட்ஸ் காணத் தவறிய அடிமைத்தனத்தைக் கண்டித்து 1774-ல் நூலே எழுதினார் வெஸ்லி.

1755 ஆகஸ்ட் 11 அன்று லண்டன் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் வெஸ்லி நடத்திய ஆராதனையில் ஏறத்தாழ 1,800 பேர் எழுந்து நின்று, தங்களைக் கடவுளுக்கு ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கையைச் சேர்ந்து ஏற்றார்கள். 1947-ல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது வெஸ்லியின் வழிவந்த மெதடிஸ்டுகளும் அதில் இணைந்தார்கள். ஆண்டின் தொடக்கத்தில் நம் சபைகள் பலவற்றில் நடக்கும் உடன்படிக்கை ஆராதனைக்கு வேர் அந்த 1755 உடன்படிக்கையே. வேலை கொடுத்தாலும் ஒதுக்கிவைத்தாலும், நிறைவானாலும் குறைவானாலும் நான் உமக்குரியவன் என்பதே அதன் சாரம். அட்டை எடுக்க வந்த கூட்டத்தில் பாதிகூட இந்த ஆராதனைக்கு வருவதில்லை.

வேத வாசிப்புக்கும் இதே கதைதான். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் புனித பேதுரு சபையின் போதகர் ராபர்ட் மர்ரே மக்ஷேய்ன், 1842 டிசம்பர் இறுதியில் தன் சபையாருக்கு ஓர் ஆண்டு வாசிப்புத் திட்டம் வகுத்துக் கொடுத்தார். ஜனவரி 1-ல் ஆதியாகமம், எஸ்றா, மத்தேயு, அப்போஸ்தலர் நடபடிகள் நான்கும் ஒரே நேரத்தில் தொடங்கும். இரண்டு அதிகாரம் குடும்பமாக, இரண்டு தனியாக. லேவியராகமம் வந்தாலும் பக்கத்தில் வேறு மூன்று புத்தகங்கள் கைகொடுக்கும். வாசிப்பு வெறும் சடங்காகிவிடும், படித்து முடித்தவருக்குத் தற்பெருமை வரும், சிலருக்குத் தாங்க முடியாத நுகமாகும் என்று ஆபத்துகளையும் அவரே எழுதினார். ஆனால், ஊரே ஒரே பகுதியைப் படித்தால் பெற்றோர் பிள்ளைகளிடம் கேட்கலாம், சந்திக்கும்போது பேசிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. 1843 மார்ச் 25-ல், 29 வயதில், காய்ச்சலில் இறந்துபோனார். தன் திட்டத்தின் முதல் ஆண்டை அவரே முடிக்கவில்லை. சபை தொடர்ந்து படித்தது. இன்றும் உலகெங்கும் அதைப் பின்பற்றுகிறார்கள்.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டுத் தீர்மானத்தை மனதுக்குள் பூட்டி வைக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடமும் சபையில் ஒருவரிடமும் சொல்லுங்கள். நாளுக்கு ஓர் அதிகாரம் போதும், ஆனால் சேர்ந்து படியுங்கள். மாதம் ஒருமுறை உங்களை நிறுத்திக் கேள்வி கேட்கும் உரிமையை அவர்களுக்குக் கொடுங்கள். வேலைக்காரரிடம் எப்படிப் பேசுகிறீர்கள், சாதி பார்க்கிறீர்களா, கடனைத் திருப்பித் தந்தீர்களா என்பதையும் சேர்த்தே கேட்கட்டும். அதற்குச் சம்மதிக்கிறவருடைய விசுவாசம்தான் ஆழப்படும்.

(அடுத்த வாரம்: நாளுக்கு ஒரு வசனம் – 1728-ல் ஹெர்ன்ஹூட்டில் தொடங்கிய வழக்கம்)